முட்டுகிற கட்சியும் ஏமாற்றுகிற கட்சியும்

எழுதுவதற்கு எனக்கு என்ன தகுதி என்று யாராவது கேட்டால் என்னிடம் பதில் இல்லை. நெடுங்காடு அரசுப் பள்ளியில் பத்தாவது வரை படித்தவன். நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறந்து பழக்கமில்லை. கல்யாண வீட்டுப் பந்தியில்கூட ஓரத்து இலையாகப் பார்த்து உட்காருகிறவன். ஆனாலும் ஊரிலிருந்து போன் செய்கிறவர்கள் எல்லோரும், "அபிராமிக்கு நிச்சயதார்த்தமாமே, எப்படி நடந்துச்சு?" என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் சொல்லி மாளவில்லை. பாதி சொல்வதற்குள், "பந்துக்கும் நிச்சயதார்த்தத்துக்கும் என்னப்பா சம்பந்தம்?" என்று சிரிக்கிறார்கள். அதனால் எல்லோருக்குமாகச் சேர்த்து ஒரே தடவையாக எழுதிவிடுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பொறுக்க முடியாதவர்கள் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுங்கள், எனக்கு வருத்தமில்லை.

எங்கள் தெருவில் குப்பை வண்டி வருகிற நாளில் அவரவர் தொட்டியை வாசலுக்குத் தள்ளி வைக்க வேண்டும். கடல் தாண்டி இந்த ஊருக்கு வந்த புதிதில் ஒருநாள் நான் தொட்டியைத் தள்ளிக்கொண்டு போனேன். எதிர்வீட்டுக்காரர் தன் தொட்டிமேல் கையை ஊன்றிக்கொண்டு, இழவு வீட்டில் நிற்பதுபோல நின்றார். வணக்கம்கூடச் சொல்லாமல், "மூணாவது தடவையும் வீசினான், பார்த்தீங்களா?" என்றார். யாரோ குப்பையை எங்கேயோ வீசிவிட்டார்கள் என்று நினைத்து, "எங்கங்க வீசினாங்க? நான் எடுத்துடறேன்" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். அவர் சொன்னது சனிக்கிழமை ஆட்டத்தை என்று வேலைக்குப் போன பிறகுதான் தெரிந்தது. நான் இங்குள்ள கல்லூரி விடுதியின் சமையலறையில் காய் நறுக்குகிறவன். அன்று அங்கேயும் எல்லோர் முகமும் அப்படித்தான் இருந்தது.

அந்த ஆட்டத்தைப் பற்றி ஊரில் இருப்பவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பெயர் ஃபுட்பால். ஆனால் காலால் உதைப்பது எப்போதாவதுதான். பந்து உரித்த தேங்காய் மாதிரி இரண்டு பக்கமும் கூம்பியிருக்கும். பக்கத்துக்குப் பதினொரு பேர். நாலு வாய்ப்புக்குள் பத்துக் கஜம் முன்னேற வேண்டும், முன்னேறினால் மறுபடி நாலு வாய்ப்பு. ஒவ்வொரு வாய்ப்பும் மூக்குச் சிந்துகிற நேரத்தில் முடிந்துவிடும். பிறகு எல்லோரும் எழுந்து, புல்லைத் தட்டிவிட்டு, கூடிப் பேசி, மறுபடி வந்து குனிந்து நிற்பார்கள். ஓடுகிற நேரத்தைவிடப் பேசுகிற நேரம் அதிகம். நம் ஊர் கொம்யூன் பஞ்சாயத்துக் கூட்டத்தைத் திடலில் நடத்தி, நடுநடுவே முட்டிக்கொள்ளச் சொன்னால் எப்படி இருக்குமோ, அதுதான் இது. இதை ஆடுகிறவர்கள் கல்லூரிப் பையன்கள். பார்த்துவிட்டு அழுகிறவர்கள் பேரன் பேத்தி எடுத்தவர்கள்.

சோளக்காட்டுக்கு நடுவில் இருக்கிற இந்த ஊரில் சாதி இல்லை என்று நினைத்துக்கொண்டு வந்தேன். இருக்கிறது, இரண்டு இருக்கிறது. ஒன்று பவர் கட்சி. பந்தை ஒரு முரட்டுப் பையன் கையில் கொடுத்து, முன்னால் ஐந்தாறு மலைகளை நிறுத்தி, எதிராளியை முட்டித் தள்ளிக்கொண்டு போவது. மூன்று கஜம் போய் விழுவான். எழுந்து மறுபடி மூன்று கஜம். நெடுங்காட்டு ரைஸ் மில்லில் மூட்டை ஏற்றுகிறவர்கள் காலையிலிருந்து சாயங்காலம்வரை இதைத்தான் செய்கிறார்கள், அவர்களைப் பார்க்க யாரும் டிக்கெட் வாங்கியதில்லை. இன்னொன்று ஃபினெஸ் கட்சி. ஆட்களைத் திடல் முழுக்கப் பரப்பிவிட்டு, கொடுப்பதுபோலக் காட்டிக் கொடுக்காமல், இந்தப் பக்கம் பார்த்து அந்தப் பக்கம் வீசுவது. இவர்களுடைய கோச் வாயை ஒரு அட்டையால் மறைத்துக்கொண்டுதான் பேசுவார். துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசுகிற மாட்டுத் தரகர்களின் ஞாபகம் எனக்கு வரும். தரகருக்காவது கடைசியில் ஒரு மாடு கைமாறும்.

இந்தக் கல்லூரி பல காலம் பவர் கட்சிக் கல்லூரியாக இருந்தது. பிறகு மேற்கே எங்கிருந்தோ ஒரு புதுக் கோச் வந்து ஃபினெஸ் ஆடவைத்தார். ஊர் இரண்டாகிவிட்டது. சர்ச்சில்கூட ஒருவர் பக்கத்தில் ஒருவர் உட்காருவதில்லை என்று சமையலறையில் சொன்னார்கள். நம்மவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. ஊரில் கபடி நடக்கிற திடலைக் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு தாண்டிப் போனவர்கள், இங்கே வந்து இரண்டாம் வருஷமே கல்லூரி அணியின் சிவப்பு பனியனை மாட்டிக்கொண்டு, பொங்கல் விழாவில் சர்க்கரைப் பொங்கலைக் கையில் வைத்துக்கொண்டு, "நம்ம கோச் முதல்ல ரன்னை எஸ்டாப்ளிஷ் பண்ணணும் சார்" என்கிறார்கள், ரன் என்றால் முட்டி ஓடுவது. நம்ம கோச்சாம். அவருக்கு இவர் பேர் தெரியுமா?

நான் யோக்கியன் என்று சொல்லவில்லை. எங்கள் பக்கத்துக் கபடியிலும் இது உண்டு. திருவேட்டக்குடிப் பையன்கள் கடலில் வலை இழுத்த கை, பிடித்தால் உடும்புப் பிடி. எங்கள் நெடுங்காட்டுப் பையன்கள் எலும்பும் தோலுமாக இருப்பார்கள், கால் நுனியால் தொட்டுவிட்டு நழுவி வந்துவிடுவார்கள். "தைரியம் இருந்தா நின்னு ஆடுங்கடா" என்று அவர்கள் கத்துவார்கள். "புடிக்கத் துப்பில்லாதவன் பேசாத" என்று இவர்கள் கத்துவார்கள். ஒரு பொங்கலில் நாற்காலி பறந்தது. ஆனால் மறுநாள் அதே ஆட்கள் காரைக்கால் மார்க்கெட்டில் மீன் விற்பார்கள், மீன் வாங்குவார்கள். அப்பனும் பிள்ளையும் இதற்காகப் பேசாமல் இருந்து நான் பார்த்ததில்லை. வாய்க்கால் தண்ணிக்காகப் பேசாமல் இருந்த அண்ணன் தம்பியைப் பார்த்திருக்கிறேன், வரப்புக்காகப் பார்த்திருக்கிறேன். அதில் நெல் இருக்கிறது. இதில் என்ன இருக்கிறது?

இதையெல்லாம் சொல்வதற்குக் காரணம் என் மாப்பிள்ளையும் சம்பந்தியும்தான். என் மகள் அபிராமி இங்கே நர்சு வேலை பார்க்கிறாள். மார்க் என்கிற பையனைப் பிடித்திருக்கிறது என்றாள். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், நல்ல பையன், என் மனைவி தையல்நாயகி வைக்கிற மிளகு ரசத்தை டம்ளரில் வாங்கிக் குடிப்பான். அவன் அப்பா டேல், சோளம் பயிரிடுகிறவர், இளம் வயதில் இதே கல்லூரி அணியில் முன்வரிசையில் நின்று முட்டியவர். முன்வரிசைக்காரர் ஆட்டம் முழுக்க ஒரு தடவைகூடப் பந்தைத் தொட மாட்டாராம். அதையும் பெருமையாகத்தான் சொன்னார். அப்பா பவர், பிள்ளை ஃபினெஸ். இங்கே ஒரு ரேடியோவில், ஆட்டத்தைப் பற்றி யார் வேண்டுமானாலும் போன் செய்து பேசலாம். அதில் மார்க் பேசியிருக்கிறான். "எங்கப்பா மாதிரி ஆளுங்களுக்குக் கணக்கு தெரியாது. ரெண்டு காளை முட்டிக்கிட்டா போதும்." டேல் அதை டிராக்டரில் உட்கார்ந்து கேட்டிருக்கிறார். அன்றோடு பேச்சு நின்றுவிட்டது. கோடை முழுக்கப் பிள்ளை அந்த வீட்டுப் படி ஏறவில்லை.

எனக்கு இதில் என்ன கஷ்டம் என்றால், தட்டு யாரோடு மாற்றுவது? பெண்ணைப் பெற்றவன் ஒரு தட்டு, பிள்ளையைப் பெற்றவர் ஒரு தட்டு, பக்கத்தில் மாப்பிள்ளை நிற்க வேண்டும். அப்பாவும் பிள்ளையும் ஒரு கூரைக்குக் கீழ் வராவிட்டால் நிச்சயதார்த்தம் என்று எதைச் சொல்வது? "அதெல்லாம் வேணாம்ப்பா, நேரா ரெஜிஸ்டர் பண்ணிக்கிறோம்" என்றாள் அபிராமி. தையல்நாயகி இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. "அப்பன் கையால தட்டு வாங்காத வீட்டுக்கு எம் பொண்ண அனுப்ப மாட்டேன்" என்று சொல்லிவிட்டாள். மகளும் அம்மாவும் பேச்சை நிறுத்திவிடுவார்களோ என்று எனக்குப் பயம் வந்துவிட்டது. அந்த வியாதி இந்தக் காற்றில் இருக்கிறது போல.

சரி, பெரியவரைப் பார்த்து மரியாதையாகப் பேசுவோம் என்று டேல் வீட்டுக்குப் போனேன். அவருக்கு முதலில் என்மேல் ஒரு சந்தேகம். எங்கள் ஊர் பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட ஊர் என்று மார்க் எப்போதோ சொல்லியிருக்கிறான். "பிரெஞ்சா? ஃபினெஸ்ங்கறதே பிரெஞ்சு வார்த்தை, அப்ப நீங்களும் ஃபினெஸ் ஆளாத்தான் இருப்பீங்க" என்றார். காரைக்காலில் பிறந்து பிரெஞ்சில் ஒரு வார்த்தை தெரியாதவன் நான். "இல்லைங்க, இல்லைங்க" என்றேன். பிறகு அவர் பேசினார். மழையானாலும் பனியானாலும் முட்டிப் போகிறவன்தான் ஆம்பளை, வீசுகிறவன் எல்லாம் பயந்தவன் என்றார். நான் ஒவ்வொன்றுக்கும், "ஆமாங்க. நீங்க சொல்றதுதான் சரி" என்றேன். அவருக்குச் சந்தோஷம். என் தோளில் ஒரு தட்டுத் தட்டினார், சாயங்காலம்வரை வலித்தது. உள்ளே வராமல் வெளியே காரிலேயே காத்திருந்த மார்க் திரும்பும்போது கூட்டி வந்தான். முட்டுகிற காலம் மலையேறிவிட்டது, அப்பாவுக்குப் புரியாது என்று அவன் ஒரு மூச்சுப் பேசினான். "ஆமாம் மாப்பிள்ளை. நீங்க சொல்றதுதான் சரி" என்றேன்.

இதில் தப்பு என்ன இருக்கிறது என்று எனக்கு அப்போது தெரியவில்லை. என் அக்கா கல்யாணத்தில் மாப்பிள்ளையின் பெரியப்பா, நாகஸ்வரம் காதைக் கிழிக்கிறது என்றார். சித்தப்பா, ஒன்றுமே கேட்கவில்லை என்றார். எங்கள் அப்பா இரண்டு பேரிடமும் கையைக் கட்டிக்கொண்டு, "ஆமாங்க" என்றார். நாகஸ்வரக்காரர் பாட்டுக்கு வாசித்துக்கொண்டிருந்தார். இரண்டு பேருக்கும் திருப்தி. பெண் வீட்டுக்காரன் சொல்கிற ஆமாம் அபிப்பிராயம் இல்லை, அது சந்தனம் கொடுப்பது மாதிரி, வருகிறவர்கள் எல்லோருக்கும் கொடுக்க வேண்டியது. இங்கே அதை ஓட்டு என்று எண்ணி வைத்துக்கொள்கிறார்கள்.

கடைசியில் வழி சொன்னது மார்க்கின் அம்மா ஷெரில்தான். பக்கத்து மாநிலத்துப் பரம்பரை எதிரியோடு ஆடுகிற ஆட்டத்தை மட்டும், மார்க் பிறந்ததிலிருந்து அப்பாவும் பிள்ளையும் அந்த வீட்டு ஹாலில் ஒன்றாகத்தான் பார்ப்பார்களாம். பேசாவிட்டாலும் வந்து உட்காருவார்கள். பாதி ஆட்டத்தில் இருபது நிமிஷம் இடைவேளை விடுவார்கள், அதில் உங்கள் சடங்கை வைத்துக்கொள்ளுங்கள் என்றாள். ஆட்டம் சனிக்கிழமை. "சனிக்கிழமையில யாராவது தட்டு மாத்துவாங்களா? ஊருக்குத் தெரிஞ்சா சிரிக்க மாட்டாங்க?" என்றாள் தையல்நாயகி. "ஊருக்கு ஏன் தெரியப்போவுது?" என்றேன். இப்போது நானே எழுதிக்கொண்டிருக்கிறேன்.

பட்டு வேட்டி கட்டிக்கொண்டு, இரண்டு தாம்பாளம், வெற்றிலை, கொட்டைப் பாக்கு, மஞ்சள், பழம், பூ எல்லாம் எடுத்துக்கொண்டு போனோம். கதவைத் திறந்ததும் டேல் என் சட்டையைப் பார்த்து, "இன்னைக்கு இது ஆகாது" என்று அதைக் கழற்றவைத்து, தன் பழைய சிவப்பு பனியனை எடுத்து என் தலைவழியாக மாட்டிவிட்டார். பெரிய எண் போட்டது, என்னைப் போல இரண்டு பேர் உள்ளே போகலாம். சம்பந்தி கொடுத்ததை வேண்டாம் என்று சொல்ல முடியுமா? சோபாவில் ஒரு கோடியில் அப்பா, மறுகோடியில் பிள்ளை, நடுவில் நான். இரண்டு பேரும் என் தலைக்கு மேலே டிவியோடு பேசிக்கொண்டார்கள். ஏதாவது ஒரு பையன் விழுந்தால் டேல் என் தொடையில் அடிப்பார். ஏதாவது ஒரு பையன் பிடித்தால் மார்க் என் தோளைக் குலுக்குவான். நான் இரண்டு பக்கமும் தலையாட்டினேன்.

முதல் பாதி முடிய ஒரு வாய்ப்புதான் பாக்கி. தாண்டினால் புள்ளி கிடைக்கிற கடைசிக் கோட்டுக்கு ஒரே ஒரு கஜம். நெடுங்காட்டுக் குழந்தைகூட விழுந்து எழுந்தால் தாண்டிவிடும். டேல் எழுந்து நின்று, "முட்டு! முட்டு!" என்று கத்தினார். அட்டைக் கோச் முட்டச் சொல்லவில்லை. கொடுப்பதுபோலக் காட்டி, பின்னால் நகர்ந்து, வீசச் சொன்னார். எதிராளி ஒருவன் நடுவில் புகுந்து, பழக்கடையில் மாம்பழம் எடுப்பதுபோலப் பந்தை எடுத்துக்கொண்டான். பாதி ஆட்டம் முடிந்தது.

"இப்ப சந்தோஷமா?" கோடையிலிருந்து அப்பா பிள்ளையிடம் பேசிய முதல் பேச்சு இதுதான்.

"திட்டம் சரிதான். பையன் கொஞ்சம் லேட்டா வீசிட்டான்" என்றான் மார்க்.

"என்னங்க, இதான் நேரம், தட்டை எடுங்க" என்று தையல்நாயகி என் முதுகில் இடித்தாள். நான் தாம்பாளத்தோடு எழுந்து நின்றேன்.

டேல் என்னைக் கை காட்டினார். "இவர்கிட்ட கேளு. வெளியூர் மனுஷன், இவருக்கே தெரியுது பவர்தான் சரின்னு. என் வீட்டுக்கு வந்து சொன்னார்."

"இவரா? இவர் என் கட்சி. கார்ல வரும்போது சொன்னார்."

டிவியில் யாரோ சோப்பு விற்றார்கள். இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். திருடனைப் பார்ப்பதுபோல இல்லை, அதைவிடக் கீழாக. அபிராமி என்னருகே வந்தாள்.

"அப்பா, ரெண்டு பேர்கிட்டயும் ஆமான்னு சொன்னீங்களா?"

"ஆமாம்மா."

"ஏன்ப்பா?"

"ஒருத்தர் சம்பந்தி, ஒருத்தர் மாப்பிள்ளை. வேற என்னத்த சொல்லச் சொல்ற?"

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். டேல் என்னை நெருங்கி வந்து நின்றார். சுவர் நகர்ந்து வந்ததுபோல இருந்தது. "செல்வமணி, எனக்கு இப்ப நிஜம் தெரியணும். நீங்க என்ன நினைக்கிறீங்க?"

இந்த நாட்டுக்கு வந்ததிலிருந்து யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. ஊரில் இருந்தபோதும் கேட்டதில்லை. அப்போது எங்கிருந்துதான் எனக்கு வாய் வந்ததோ, என் சமையலறை இங்கிலீஷில் சொல்லிவிட்டேன். இரண்டும் ஒன்றுதான். நீங்கள் முட்டுகிறீர்கள், அவர் ஏமாற்றுகிறார், கடைசியில் எல்லோரும் படுத்துக்கொள்கிறீர்கள். உடம்பு முழுக்க மெத்தையைக் கட்டிக்கொண்டு, தலையில் பானையைக் கவிழ்த்துக்கொண்டு ஆடுகிறீர்கள். எங்கள் ஊரில் ஒருத்தன் தனியாக, வெறும் உடம்போடு, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏழு பேருக்கு நடுவில் போவான். இந்த ஆட்டத்துக்காகப் பேசாமல் இருக்கிறீர்களே, எனக்கு வெட்கமாக இருக்கிறது. இரண்டும் எனக்குப் பிடிக்கவில்லை.

தையல்நாயகி பல்லைக் கடித்துக்கொண்டு, "போச்சு, எல்லாம் போச்சு" என்றாள்.

அப்பாவும் பிள்ளையும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். கோடைக்குப் பிறகு அப்போதுதான் நேருக்கு நேர் பார்த்தார்கள் என்று நினைக்கிறேன். இரண்டு முகத்திலும் ஒரே கோபம், ஒரே ஜாடை. "படுத்துக்கறாங்களா?" என்றார் டேல். "மெத்தையா?" என்றான் மார்க். என்னைப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்தார்கள். டேல் என் கையிலிருந்த தாம்பாளத்தை வாங்கி மேசைமேல் வைத்து, பழத்தை எடுத்து ஓரமாகப் போட்டுவிட்டு, கொட்டைப் பாக்கை வரிசையாக அடுக்கினார். இது முன்வரிசை. வெற்றிலைதான் புல். விரலி மஞ்சள் பந்து வைத்திருப்பவன். "பாருங்க, இந்தப் பாக்கு எதிர்ல நிக்கிற இவனை நகர்த்தினாத்தான் மஞ்சளுக்கு வழி."

"அப்பா, ரெண்டு பாக்கை இப்படி ஓரத்துக்கு நகர்த்துங்க. அப்ப நடுவுல தானா வழி வரும்" என்று மார்க் நகர்த்தினான்.

"ஓரத்துல வச்சா இவனை யாரு தடுக்கறது? உங்கம்மாவா?"

"ஐயையோ, மங்கலப் பொருள்ல கைய வச்சு விளையாடுறாங்களே!" என்றாள் தையல்நாயகி. ஷெரிலுக்கு அது புரியவில்லை. அழகாக இருக்கிறது என்று அவள் சொன்னதாக நினைத்து, சிரித்துக்கொண்டே போட்டோ எடுத்தாள்.

இருபது நிமிஷமும் எனக்குப் பாடம் நடந்தது. அப்பா சொல்வதைப் பிள்ளை வெட்டுவான், பிள்ளை சொல்வதை அப்பா வெட்டுவார், ஆனால் இரண்டு பேரும், "இவருக்குப் புரியலை, மறுபடி சொல்லு" என்று சேர்ந்து சொல்வார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. புரிந்துகொள்ள எனக்கு ஆசையும் இல்லை. ஆனால் ஆமாம் என்று மட்டும் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. சொன்னால் பாடம் முடிந்துவிடும். இடைவேளை முடிந்து ஆட்டம் தொடங்கியது, இரண்டு பேரும் தாம்பாளத்தை அப்படியே போட்டுவிட்டு ஓடினார்கள். தட்டு மாற்றவில்லை. இரண்டாம் பாதியில் இந்தக் கல்லூரி முட்டிப் பார்த்தது, வீசிப் பார்த்தது, இரண்டிலும் தோற்றது. அப்பாவும் பிள்ளையும் இப்போது பக்கத்தில் பக்கத்தில் நின்றுகொண்டு நடுவரைத் திட்டினார்கள். தப்பு முட்டுவதிலும் இல்லை, வீசுவதிலும் இல்லை, எல்லாத் தப்பும் அந்த வரிபோட்ட சட்டைக்காரருடையதுதான் என்று முடிவாயிற்று.

நான் சோபாவின் ஓரத்தில் தனியாக உட்கார்ந்திருந்தேன். ஷெரில் எடுத்த போட்டோவை அபிராமி ஊருக்கு அனுப்பியிருந்தாள். நெடுங்காட்டில் விடிந்ததும் அண்ணன் போன் செய்தார். "ஏன்டா, இடுப்புக்குக் கீழ நம்ம ஊரு, இடுப்புக்கு மேல யாரு ஊருடா? அந்த நம்பர் எதுக்கு, ஜெயில்ல குடுத்ததா?" என்று சிரித்தார். சம்பந்தி வீட்டில் போட்டுவிட்டது என்றேன். "நல்லா இருக்கா?" என்றார். தொளதொளவென்று இருக்கிறது என்றேன். கழற்றிவிட வேண்டியதுதானே என்றார். அப்போதும் அதைத்தான் போட்டிருந்தேன். அந்த வீட்டில் குளிராக இருந்தது, என் சட்டை எங்கே வைத்தார்கள் என்று கேட்கக் கூச்சமாக இருந்தது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. டேல், ஷெரில், மார்க் மூன்று பேரும் ஒரே டிரக்கில் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். தட்டு மாற்றினோம். இலை போட்டுச் சாப்பிடச் சொன்னோம், பாதியில் எழுந்து கிளம்பிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை டிவியில் இதையே சம்பளத்துக்கு ஆடுகிறவர்களின் ஆட்டமாம்.